அதிகாலை அரைமணி நேரம்

தென்காசி
2-12-1934

கர்த்தருக்குள் மிகவும் பிரியமான தம்பி ஞானாபரணத்துக்கு, அக்காள் ரெபேக்காள் எழுதிக்கொண்டது. ஆண்டவருடைய கிருபையால் நானும் உன் அத்தானும் பிள்ளைகளும் சுகம். சின்னவளுக்கு மட்டும் சளி விட்டபாடில்லை. இலங்கையில் விஷக்காய்ச்சல் பரவுகிறது என்று பத்திரிகையில் போட்டிருப்பதை அத்தான் வாசித்துச் சொன்னார்கள். அன்று முதல் எனக்குச் சோறு இறங்கவில்லை. நீ இருக்கிற கேகாலைப் பக்கம் எப்படி? ஊருக்கெல்லாம் மருந்து கலந்து கொடுக்கிற கம்பவுண்டருக்கே காய்ச்சல் வந்தால் யார் கலந்து கொடுப்பார்கள்? உடனே எழுது.

இனி நல்ல செய்தி. அச்சன்புதூர்ச் சபையின் உபதேசியார் மாசிலாமணி ஐயா போன வியாழக்கிழமை நம் வீட்டுக்கு வந்தார்கள். அவர்கள் மகள் லேயாளை உனக்குக் கொடுக்கச் சம்மதம். வயது இருபத்திரண்டு. ட்ரெயினிங் முடித்து அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே வாத்தியாரம்மாவாக இருக்கிறாள். நிறம் என்ன என்று கேட்காதே, நம் நிறம்தான். ஈஸ்டர் கழிந்ததும் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோவிலில் ஓலை வாசித்து, உங்கள் இருவர் பேரையும் சபைக்கு அறிவித்துவிட்டுக் கல்யாணத்தை வைக்கலாம் என்று பேச்சு.

சீர் செனத்தி எதையும் அவர்கள் பேசவில்லை. கேட்டது ஒன்றே ஒன்று. "பையன் முழங்கால் போடுதவனா, அதைச் சொல்லும்மா" என்றார்கள். நான் விடுவேனா? நம் அப்பா இருந்த காலத்தில் காலை நாலரையிலிருந்து ஐந்து வரை கதவைத் தாழ்ப்பாள் போட்டு ஜெபிப்பார்கள், தாசில்தாரே வந்தாலும் திறக்கமாட்டார்கள், தம்பியும் அந்த அரைமணி நேரத்தை ஒருநாளும் விட்டதில்லை என்று சொன்னேன். தோட்டத்துக் கூலி ஜனங்கள்கூட அந்த நேரத்தில் உன் கதவைத் தட்டுவதில்லை என்று நீ எழுதியிருந்தாயே, அதையும் சொன்னேன். உபதேசியார் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அரைமணி நேரத்தில் உனக்குப் பெண் கிடைத்துவிட்டாள், போ.

வருஷப் பிறப்புக்குள் பதில் வேண்டும்.

உன் சுகத்துக்காக முழங்காலில் நிற்கும்
ரெபேக்காள்


கேகாலை
8-1-1935

அன்புள்ள அக்காளுக்கு,

சுகம். அங்கே யாவரும் சுகமென்று நினைக்கிறேன். கடிதம் கிடைத்தது. காய்ச்சல் இங்கே கடுமையாகத்தான் இருக்கிறது. ஒரு நாளைக்கு இருநூறு பேர் வரிசையில் நிற்கிறார்கள். கொயினா மருந்து கலந்து கலந்து கையெல்லாம் கசக்கிறது. எனக்குக் காய்ச்சல் இல்லை.

உபதேசியார் வீட்டுக் காரியத்தைக் கொஞ்ச நாள் அப்படியே வைத்திருங்கள். அவசரமில்லை. சின்னவளுக்குச் சளிக்கு நொச்சி இலை ஆவி பிடிக்கவும்.

ஞானாபரணம்


தென்காசி
17-1-1935

கர்த்தருக்குள் பிரியமான தம்பிக்கு, அக்காள் ஆசீர்வாதம். இங்கே சுகம். உன் கடிதத்தை ஐந்து தடவை வாசித்தேன். ஐந்து தடவையும் அது ஒன்பது வரியாகவே இருந்தது.

இதென்ன கடிதம் என்று கேட்கிறேன். முதலில் 'கர்த்தருக்குள்' இல்லை. கடைசியில் வசனம் இல்லை. வருஷப் பிறப்புக்கு நீ கோவிலில் எடுத்த வாக்குத்தத்தச் சீட்டில் என்ன வசனம் வந்தது என்று எழுதவில்லை. 'ஜெபத்தில் நினைத்துக்கொள்ளவும்' என்று நீ எழுதாத கடிதம் இத்தனை வருஷத்தில் இதுதான். நொச்சி இலைக்கு இடம் இருந்திருக்கிறது, ஆண்டவருக்கு இல்லை. நான் படிக்காதவள்தான். ஆனால் உப்பில்லாத குழம்பை வாயில் வைத்தால் எனக்குத் தெரியாதா?

காரியத்தை அப்படியே வை என்கிறாய். பெண் வீட்டாரிடம் நான் என்ன முகத்தோடு நிற்பேன்? உபதேசியார் வாரம் ஒரு தடவை தென்காசி சந்தைக்கு வருகிறார்கள். என்னைப் பார்த்ததும், "தம்பி அதிகாலை ஜெபத்துல எங்களையும் நினைச்சிக்கிடச் சொல்லும்மா" என்கிறார்கள். சரி சரி என்று தலையாட்டுகிறேன்.

அங்கே ஏதாவது பெண் விஷயமா? குடியா? எதுவானாலும் அக்காளிடம் சொல். அம்மா போனபின் உன்னைத் தூக்கி வளர்த்தவள் நான்.

உன் பதில் வரும்வரை நிம்மதியில்லாத
ரெபேக்காள்


கேகாலை
18-2-1935

அன்புள்ள அக்காளுக்கு,

சுகம். தாமதத்துக்கு மன்னிக்கவும். நாலு தடவை எழுதிக் கிழித்தேன்.

பெண்ணும் இல்லை, குடியும் இல்லை. நான் ஜெபம்பண்ணுவதை விட்டுவிட்டேன். டிசம்பர் மாதம் பாதியிலிருந்து முழங்கால் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குப் போகிறேன், பாட்டு வந்தால் பாடுகிறேன். ஜெபிப்போமாக என்று குருவானவர் சொன்னதும் எழுந்து வெளியே வந்து நிற்கிறேன். காலை நாலரைக்கு வழக்கம்போல் விழிப்பு வந்துவிடுகிறது. எழுந்து கதவை அகலத் திறந்து போட்டுவிட்டுப் படியில் உட்கார்ந்திருக்கிறேன்.

காரணம் கேட்காதீர்கள். சொல்ல முடிந்தால் சொல்லியிருப்பேன். இதை ஒருவரிடமும் சொல்லவேண்டாம். உபதேசியார் வீட்டுக்குத் தெரிந்தால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். நானே ஒரு நாள் அவர்களுக்கு எழுதுவேன். அதுவரை உங்களோடு இருக்கட்டும்.

ஞானாபரணம்


தென்காசி
2-3-1935

பிரியமான தம்பிக்கு,

இங்கே சுகம் என்று எழுதப் பேனா ஓடவில்லை. உன் கடிதம் வந்த நாள் முதல் கையில் எடுத்தது எல்லாம் கீழே விழுகிறது. நேற்று உலையில் அரிசி போடாமலே அரைமணி நேரம் அடுப்பை ஊதிக்கொண்டிருந்தேன்.

ஜெபத்தை விட்டவனுக்கு என்ன மிச்சம் என்று அப்பா சொல்வார்களே, மறந்துவிட்டாயா? நாம் கேட்டால்தானே அவர் கொடுப்பார்? கேட்கிறதை நீ நிறுத்திவிட்டால், அந்தக் காய்ச்சல் ஊரில் உனக்குக் காவல் யார்? நீ பாவம் செய்தால்கூட எனக்கு இத்தனை பயம் வராது. பாவத்துக்கு மன்னிப்புக் கேட்கலாம். மன்னிப்புக் கேட்கவே வாய் திறக்கமாட்டேன் என்கிறவனை என்ன செய்வது?

காரணத்தை நான் கேட்கவில்லை. நீ பயப்படாதே. உன் அத்தானிடம்கூட மூச்சு விடவில்லை. ஆண்டவர் ஒருவரைத் தவிர வேறு ஒருவரிடமும் நான் சொல்லவில்லை. நேற்றுத்தான் அவரிடம் நன்றாக அழுது சொல்லித் தீர்த்தேன். அதன்பிறகு கொஞ்சம் நெஞ்சு லேசாக இருக்கிறது.

உனக்காக அழும்
ரெபேக்காள்


தென்காசி
21-3-1935

தம்பிக்கு,

எல்லாரும் சுகம். நான் சுகமில்லை. இதை எப்படி எழுதுவது என்று ஒரு வாரம் யோசித்தேன். நீட்டி முழக்கினால் உனக்கு இன்னும் கோபம் வரும். உன் விஷயம் உபதேசியாருக்குத் தெரிந்துவிட்டது. தெரியப்படுத்தியது நான்தான்.

ஆண்டவரிடம் சொன்னேன் என்று எழுதினேன் அல்லவா? அது எங்கள் வெள்ளிக்கிழமை ஸ்திரீகள் ஜெபக்கூட்டத்தில். ஒவ்வொருத்தியாக வாய்விட்டு ஜெபித்துக்கொண்டு வந்தோம். என் முறை வந்தது. 'எல்லாருடைய சுகத்துக்காகவும்' என்று இரண்டு வார்த்தை சொல்லி முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். வாயைத் திறந்ததும் அழுகை வந்துவிட்டது. 'ஆண்டவரே, கேகாலையில் ஜெபத்தை மறந்து நிற்கிற என் தம்பியைத் திருப்பும்' என்று ஆரம்பித்து, படியில் உட்கார்ந்திருப்பது வரைக்கும் சொல்லிவிட்டேன். கண்ணை மூடியிருந்தேன், உபதேசியாருடைய தங்கை உள்ளே வந்து உட்கார்ந்ததைப் பார்க்கவில்லை. அவள் சொன்ன ஆமென்தான் எல்லாருக்கும் மேலே கேட்டது.

சத்தியமாகச் சொல்லுகிறேன், அது ஊருக்குச் சொல்வதாக எனக்குத் தோன்றவில்லை. ஜெபத்தில் சொன்னது ஜெபத்தோடு போகும் என்று நினைத்தேன். நரம்பில்லாத நாக்கு. இப்போது அதைக் கடித்துக்கொண்டு என்ன பிரயோஜனம்?

உபதேசியார் வந்தார்கள். கோபப்படவில்லை, அதுதான் எனக்கு அதிகப் பயம். "ஜெபம் இல்லாத வீட்டுக்கு எம்மவளை அனுப்பமாட்டேன். தம்பி நேரா வரட்டும். எங்க வீட்டுல எல்லார் முன்னாலயும் முழங்கால் போட்டு ஜெபம் பண்ணட்டும். அதுக்கு அப்புறம் ஓலை" என்றார்கள். வராவிட்டால் சம்பந்தம் முறிந்தது என்று வைத்துக்கொள்ள வேண்டியதுதான்.

வந்துவிடு. ஐந்து நிமிஷ ஜெபம்தானே. உனக்குத் தெரியாத வார்த்தைகளா?

ரெபேக்காள்


கேகாலை
6-4-1935

அக்காளுக்கு,

சுகம் விசாரிக்க மனம் இல்லை.

எனக்குக் கோபம் இல்லை என்று எழுதமாட்டேன். ஒருவரிடமும் சொல்லவேண்டாம் என்று கேட்டேன். எட்டுத் தெருப் பெண்களைச் சுற்றி உட்காரவைத்துக்கொண்டு ஆண்டவரிடம் சொன்னீர்களாம். அவருக்கு ஏற்கனவே தெரியும் அக்கா. தெரியாதவர்கள் அந்த எட்டுத் தெருக்காரர்கள்தான்.

ஐந்து நிமிஷ ஜெபம்தானே என்று கேட்டதால் இதை எழுதுகிறேன். நீங்கள் டிசம்பரில் எழுதிய கடிதம் வந்த அந்த வாரம். ஒரு வெள்ளிக்கிழமை. வழக்கம்போல் நாலரைக்குக் கதவைத் தாழ்ப்பாள் போட்டேன். அன்று அரைமணி நேரத்தோடு நிறுத்தவில்லை. நல்ல பெண்ணைத் தந்தீரே என்று ஸ்தோத்திரம் செய்துகொண்டேயிருந்தேன். வாய்விட்டுத்தான் ஜெபித்தேன், அப்பாவைப் போல. மனம் அவ்வளவு நிறைந்திருந்தது. ஐந்தே முக்காலுக்கு எழுந்து கதவைத் திறந்தேன்.

படியில் மாரித்தாய் உட்கார்ந்திருந்தாள். புளியறைப் பக்கத்திலிருந்து வந்த பெண், தோட்டத்துக் கூலிவீட்டு வரிசையில், நாலாவது லயத்தில் குடியிருக்கிறாள். மடியில் அவள் மகள் இசக்கி. காய்ச்சல் ஏறி இழுப்பு வந்து நாலே முக்காலுக்கே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாளாம். தட்டவில்லை. கம்பவுண்டர் ஐயா சாமி கும்பிடுகிற நேரத்தில் கதவைத் தட்டக்கூடாது என்று லயத்தில் எல்லாரும் சொல்லியிருக்கிறார்கள். என் சத்தம் உள்ளேயிருந்து கேட்டுக்கொண்டிருந்ததாம். இதோ முடிந்துவிடும், இதோ முடிந்துவிடும் என்று இருந்திருக்கிறாள். நான் பிள்ளையைத் தொட்டபோது உடம்பு குளிர்ந்துவிட்டிருந்தது.

அவள் என்னைத் திட்டவில்லை. "எம்பிள்ளைக்கும் சேத்துத்தான கும்பிட்டிருப்பிய?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். அக்கா, அது பொய். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஜெபித்ததில் எனக்கு வரப்போகிற பெண்ணைத் தவிர வேறு யாரும் இல்லை.

மருந்து கொடுத்திருந்தாலும் பிழைத்திருக்கமாட்டாள் என்று டாக்டர் சொன்னார். இருக்கலாம். அந்தத் தைரியத்தில் தூங்க என்னால் முடியவில்லை. தட்டக்கூடாது என்று அவர்களுக்குப் பயம் வரும்படி நடந்துகொண்டவன் நான். அதைப் பெருமையாக உங்களுக்கு எழுதியவனும் நான். அதைச் சொல்லித்தான் நீங்கள் எனக்குப் பெண் கேட்டீர்கள்.

உபதேசியாரிடம் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். காரணத்தை மட்டும் சொல்லவேண்டாம். இந்தத் தடவையாவது.

ஞானாபரணம்


தென்காசி
26-4-1935

என் தம்பிக்கு,

வீட்டில் எல்லாரும் சுகம். உன் கடிதம் வந்து பதினைந்து நாளாகிறது. என்ன எழுதுவது என்று தெரியாமல் இருந்தேன், இப்போதும் தெரியவில்லை. பெரிய வெள்ளிக்கிழமை ஆராதனையில் மூன்று மணி நேரமும் கோவிலில் உட்கார்ந்திருந்தேன். ஒரு வார்த்தை வரவில்லை.

யாரிடமும் சொல்லவில்லை. ஆண்டவரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை. கடிதத்தை அரிசிப்பானைக்குள் போட்டு வைத்திருக்கிறேன்.

சம்பந்தம் வேண்டாம் என்று சொல்வதற்காக அச்சன்புதூர் போனேன். உபதேசியார் வெளியூர் போயிருந்தார்கள். அந்தப் பெண்தான் இருந்தாள். தண்ணீர் கொடுத்தாள். நான் வந்த காரியத்தைச் சொன்னேன். அவள் அழவில்லை, முகத்தைத் திருப்பவில்லை. "அவங்க எதுக்கு நிப்பாட்டுனாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியும் என்றேன். "அப்ப எங்கிட்ட சொல்லாதீங்க" என்றாள். உலகத்தில் அப்படியும் ஒரு பெண் இருக்கிறாள் பார்.

மறுநாள் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் நோட்டுப் புத்தகத்துக்குள் வைத்து ஒரு கடிதம் கொடுத்தனுப்பினாள். ஒட்டியிருந்தது. நான் பிரிக்கவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள், நீ நம்பு. இத்துடன் வைத்திருக்கிறேன்.

உன் அக்காள்


அச்சன்புதூர்
25-4-1935

மரியாதைக்குரிய ஞானாபரணம் அவர்களுக்கு,

சுகமாயிருக்கிறீர்கள் என்று நம்புகிறேன். கல்யாணமாகாத பெண் கடிதம் எழுதுவது தப்பு என்று தெரியும். தெரிந்துதான் எழுதுகிறேன். உங்கள் அக்காள் என்னிடம் எதையும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

எங்கள் வீட்டில் காலையும் மாலையும் குடும்ப ஜெபம் உண்டு. அப்பா நல்ல மனிதர். ஆனால் கண்ணை மூடிக்கொண்டு அவர்கள் ஆண்டவரிடம் சொல்கிறதெல்லாம் எங்களுக்குத்தான். குழம்பில் உப்பு கூடிவிட்டால், இந்த வீட்டாருக்குக் கவனத்தைத் தாரும் என்பார்கள். அம்மா மறுநாள் கையளந்து போடுவாள். நான் ட்ரெயினிங் படிக்கப் போகவேண்டும் என்று கேட்டபோது, இந்தக் குமாரத்தியின் பெருமையை அகற்றும் என்று இருபது நாள் ஜெபித்தார்கள். நானும் என் முறை வந்தபோது, பெற்றோருக்குத் தாராள மனதைத் தாரும் என்று இருபது நாள் ஜெபித்தேன். அப்படித்தான் நான் படித்தேன். இருபத்திரண்டு வயதில் நான் ஆண்டவரிடம் தனியாக ஒன்றும் பேசியதில்லை. எனக்கு எப்படிப் பேசுவது என்றே தெரியாது. நீங்கள் நிறுத்திவிட்டீர்கள் என்று எங்கள் அத்தை சொன்னபோது, இவர்கள் நிஜமாகவே ஒருவரோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தோன்றியது. பேசாதவர்கள் எதை நிறுத்துவது?

ஒன்றே ஒன்று கேட்கிறேன். அங்கே ஒருவரும் இல்லை என்று நிறுத்தினீர்களா, இருக்கிறார் என்ற கோபத்தில் நிறுத்தினீர்களா? முதலாவதென்றால் பதில் வேண்டாம். இரண்டாவதென்றால் அப்பா கூப்பிடுகிறபடி வாருங்கள்.

இப்படிக்கு,
மா. லேயாள்


கேகாலை
20-5-1935

அன்புள்ள அக்காளுக்கு,

சுகம். அனைவர் சுகத்துக்கும் எழுதவும். காய்ச்சல் இங்கே தணிந்துவிட்டது. வரிசை அறுபது பேராகக் குறைந்திருக்கிறது. ஜூன் கடைசியில் பத்து நாள் லீவு கிடைக்கும். வருகிறேன்.

உபதேசியார் வீட்டில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாது. முழங்கால் போட்டுவிட்டு ஒன்றும் சொல்லாமல் எழுந்திருந்தாலும் எழுந்திருப்பேன். பொய்யாக ஒரு வார்த்தை சொல்லமாட்டேன். அதற்குப் பிறகு அவர்கள் போ என்றால் போய்விடுவேன். நீங்கள் அழக்கூடாது.

அச்சன்புதூருக்குத் தனியாக எழுதவில்லை, அது முறையில்லை. பார்த்தால் மட்டும் சொல்லுங்கள்: இரண்டாவது.

ஞானாபரணம்


தென்காசி
4-7-1935

தம்பிக்கு,

சுகமாய்க் கேகாலை போய்ச் சேர்ந்தாயா? சாரல் நின்றபாடில்லை. உன் அத்தானுக்குக் குற்றாலத்தில் சீசன் ரொட்டிக்கடையை விட்டு வர நேரமில்லை. நானும் நேற்று ஒத்தாசைக்குப் போனேன். அருவிக்குப் போய்விட்டு நனைந்த தலையோடு வந்து ரொட்டி கேட்கிறவர்களுக்கு நான் மிச்சக் காசு கொடுக்க மறந்து, ஒரே சண்டை. "நீ வீட்டுக்குப் போயிருட்டீ" என்று அத்தான் அனுப்பிவிட்டார்கள். எனக்கு மனது இங்கே இருந்தால்தானே.

நீ வந்தாய். சனிக்கிழமை அச்சன்புதூர் போனாய். நானும் வருகிறேன் என்றபோது வேண்டாம் என்றாய், என் வாய் அப்படி, சரி என்றிருந்தேன். சாயங்காலம் திரும்பி வந்தாய். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "கேட்டாங்க, பண்ணினேன்" என்றாய். மறுநாள் ஆராதனை முடிந்த கையோடு விருதுநகர் வண்டியில் ஏறிவிட்டாய். லீவு இன்னும் நாலு நாள் இருந்ததே.

பண்ணினாய் என்றால் எப்படிப் பண்ணினாய்? உபதேசியார் என்ன சொன்னார்கள்? ஓலை உண்டா, இல்லையா? இந்த வாரம் அவர்கள் சந்தைக்கு வரவில்லை. வராமல் இருந்ததே இல்லை. நல்ல சேதியானால் ஓடி வந்து சொல்லியிருப்பார்களே என்று ஒரு நினைப்பு. கெட்ட சேதியானால் அதற்கு முன்னாலேயே ஓடி வந்திருப்பார்களே என்று இன்னொரு நினைப்பு. வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் இப்போது நான் வாய் திறப்பதில்லை. ரெபேக்காளுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது என்று பேசிக்கொள்கிறார்கள். கட்டியே இருக்கட்டும்.

ஒரு கார்டாவது போடு.

ரெபேக்காள்


அச்சன்புதூர்
9-7-1935

அன்புள்ள மதினிக்கு, லேயாள் எழுதுவது. இங்கே அம்மாவும் நானும் சுகம். அப்பாவும் சுகம், ஆனால் பத்து நாளாக அதிகம் பேசுவதில்லை. நீங்கள் தவித்துக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும். உங்கள் தம்பி உங்களிடம் சொல்லியிருக்கமாட்டார்கள் என்றும் தெரியும். ஆகையால் நடந்ததை நான் எழுதுகிறேன்.

அன்று எங்கள் வீட்டில் அப்பா, அம்மா, அத்தை, நான் நாலு பேரும்தான். காப்பிக்கு முன்னாலேயே அப்பா, "ஜெபத்தோட ஆரம்பிப்போம் தம்பி" என்றார்கள். எல்லாரும் முழங்கால் போட்டோம். வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. அத்தை இருமிப் பார்த்தாள். உங்கள் தம்பி எழுந்து போய்விடுவார்கள் என்றே நினைத்தேன்.

பிறகு சொன்னார்கள். நான் எழுத்து மாறாமல் எழுதுகிறேன்.

"ஆண்டவரே, மாரித்தாய் மகள் இசக்கி என் கதவுக்கு வெளியே செத்துப்போனாள். நான் உள்ளே உம்மிடம் பேசிக்கொண்டிருந்தேன். போய்க் கதவைத் திற என்று நீர் ஏன் எனக்குச் சொல்லவில்லை? நீர் சொல்லியும், என் சத்தத்தில் எனக்குத்தான் கேட்கவில்லையா?"

அவ்வளவுதான். அப்பா கண்ணைத் திறந்து, "ஆமென் சொல்லலியே தம்பி" என்றார்கள். "பதில் வரலையே. எப்படி முடிக்க?" என்று அவர்கள் கேட்டார்கள். கோபமாகக் கேட்கவில்லை, நிஜமாகவே தெரியாமல் கேட்டார்கள். எழுந்து அம்மாவிடமும் அப்பாவிடமும் சொல்லிக்கொண்டு போய்விட்டார்கள். அம்மா சுட்ட முந்திரிக்கொத்து அப்படியே இருந்தது. நான் முழங்காலிலிருந்து எழுந்திருக்கவில்லை. அவர்கள் வாசலைத் தாண்டின பிறகும் எழுந்திருக்க முடியவில்லை. மதினி, எனக்கு அப்போதுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக ஆண்டவரிடம் சொல்ல ஒன்று இருந்தது. அது என்ன என்று உங்களுக்கும் எழுதமாட்டேன்.

அத்தை வாயைத் திறந்தாள். அப்பா அவளைக் கையமர்த்திவிட்டு, "இது ஜெபம் இல்லை. கோர்ட்டுக் கச்சேரியில குடுக்குத வாக்குமூலம்" என்றார்கள். போச்சு என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

அன்று சாயங்காலம் குடும்ப ஜெபத்துக்கு உட்கார்ந்தோம். 'இரக்கமுள்ள பிதாவே' என்று ஆரம்பித்தார்கள், அதற்கு மேல் ஓடவில்லை. தெருக்கோடி வரைக்கும் கேட்கிற குரல் அவர்களுக்கு. அப்படியே முழங்காலில் இருந்துவிட்டு எழுந்து போய்விட்டார்கள். மறுநாளும் அப்படித்தான். அதற்கு மறுநாளும் அப்படித்தான். வாயு என்று நினைத்து அம்மா சுக்குக் கஷாயம் வைத்துக் கொடுத்தாள். குடித்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். பிரசங்கம் பண்ணவேண்டிய முறைக்கும் போகவில்லை.

இன்று காலை நான் பள்ளிக்கூடத்துக்குப் புறப்படும்போது என் முன்னால் வந்து நின்றார்கள்.

"ஏட்டி, அந்தப் பிள்ளைக்கு என்ன வயசு?" என்று கேட்டார்கள்.

எந்தப் பிள்ளை என்று நான் கேட்கவில்லை. தெரியாது என்றேன்.

"கேட்டு எழுது" என்றார்கள்.

"நானா?" என்றேன்.

"பின்ன நானா? கட்டிக்கிடப் போறவ நீதான" என்று சொல்லிவிட்டு, ஓலைக்குப் பேர் கொடுக்கக் குருவானவரைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு எழுத உட்கார்ந்தேன். கடுதாசியும் மையும் முன்னால் இருக்கிறது, மத்தியானம் ஆகிவிட்டது. அந்தக் கேள்வியை உங்கள் தம்பியிடம் எழுதிக் கேட்க எனக்குக் கை வரவில்லை. எல்லாம் தெரிந்தவர்கள் நீங்கள்தான் என்று உங்களுக்கு எழுதுகிறேன். அவளுக்கு என்ன வயது, மதினி? எப்போதாவது அவர்களிடம் கேட்டிருப்பீர்களே.

பதிலை எதிர்பார்க்கும்
லேயாள்